மேற்படி கள்ளிச்செடி

ஜூன் 2, ஞாயிறு

இன்று காலை பஸ்ஸில் சம்பூரணம் ஓசூருக்குப் புறப்பட்டாள். எங்கள் மகள் சிந்துஜா அங்கே வீடு மாறுகிறாள். உதவிக்குப் பத்து நாள் போகிறாள். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்றவர்கள் தினமும் நாலு வரி எழுதினால் மூளை துருப்பிடிக்காது என்று பத்திரிகையில் படித்தேன். புத்தாண்டுக்கு வந்த டைரி காலியாகக் கிடந்தது. அதனால் எழுதுகிறேன்.

சாமான்கள்: இரண்டு சூட்கேஸ், ஒரு கட்டைப்பை, போர்வையில் சுற்றிய தையல் மெஷின். பத்து நாளுக்கு மெஷின் எதற்கு என்று கேட்டேன். "சும்மா இருந்தா கை நமநமன்னு இருக்குமுங்க" என்றாள். ஆட்டோக்காரர் எல்லாவற்றையும் தூக்கி வைத்தார். நான் மேற்பார்வை செய்தேன்.

நேற்றுதான் சமையலறைக்கு ஒரு கால அட்டவணை தயாரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நான்கு மாதமாக வீட்டிலிருந்து கவனித்ததில், தினமும் இருபத்தாறு நிமிடம் அடுப்பு வீணாக எரிவது தெரியவந்தது. சம்பூரணம் நின்று முழுவதும் படித்தாள். மறுப்பு எதுவும் சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டாள் என்றே கருதுகிறேன்.

கிளம்பும்போது ஹால் சன்னலில் இருக்கும் முள்ளுச்செடியைக் காட்டினாள். கைப்பிடி போன ஒரு பீங்கான் கோப்பையில் உருண்டையாக ஒரு கள்ளி. "அத ஒண்ணும் பண்ணாதீங்க. நான் வர்ற வரைக்கும் அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள்.

ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறவர்கள் இவ்வளவு சுருக்கமாக ஒப்படைக்கக் கூடாது.

ஜூன் 3

மேற்படி கள்ளிச்செடியை இன்று பார்வையிட்டேன். உயரம் நாலு விரல். மண்ணில் விரலை வைத்தால் சிமெண்ட் போல இருக்கிறது. பிறந்ததிலிருந்து தண்ணீர் பார்த்த மண்ணாகவே தெரியவில்லை.

நாச்சிமுத்து என்றால் யார் என்று நான் வேலை பார்த்த நகராட்சியில் கேட்டால் சொல்வார்கள். குடிநீர்ப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம். மேற்பார்வையாளராக ஓய்வு. அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு செடி தாகத்தோடு நிற்க, நான் காபி குடித்துக்கொண்டிருக்க முடியாது. அரை டம்ளர் விட்டேன்.

காபி நான் போட்டது. அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

ஜூன் 5

காலை அரை டம்ளர். மாலை அரை டம்ளர். செடிக்கு.

ஜூன் 9, ஞாயிறு

ஒரே வாரத்தில் செடி நன்றாகப் பருத்துவிட்டது. முன்பு சுருக்கமாக இருந்த இடமெல்லாம் இப்போது பளபளவென்று இருக்கிறது. கூடுதல் சத்துக்கு அரிசி கழுவிய தண்ணீரும் விட்டேன். சரியான நிர்வாகம் இருந்தால் எதுவும் செழிக்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். போட்டோ எடுத்துச் சம்பூரணத்துக்கு அனுப்பினேன்.

பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். "தண்ணி ஊத்துனீங்களா?" என்று மட்டும் வந்தது.

"அளவாக" என்று பதில் போட்டேன்.

கடுகு எங்கே என்று கேட்கக் காலையில் ஒரு முறை, கடுகு கிடைத்துவிட்டது என்று சொல்ல மதியம் ஒரு முறை, பொதுவாக ஒரு முறை என இன்று மூன்று தடவை போன் செய்தேன். மூன்றாவது தடவை சிந்துஜாதான் எடுத்தாள்.

ஜூன் 12, புதன்

சம்பூரணம் இன்று வர வேண்டியது. வரவில்லை. சிந்துஜாவின் புது வீட்டில் வயரிங் வேலை பாக்கியாம். "இன்னும் ஒரு வாரம் ஆகும்போல இருக்குதுங்க" என்றாள். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. திரைச்சீலை தைக்கிறாள் போலிருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

செடி சற்றே இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. காற்றுக்காலம்; கோயம்புத்தூரில் ஜூன் மாதம் காற்று அப்படித்தான். சன்னல் மூடித்தான் இருந்தது, இருந்தாலும். பழைய பால்பாயிண்ட் பேனா ஒன்றை ஊன்றி முட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 17

காலையில் பேனா நின்றது. செடி விழுந்து கிடந்தது. தூக்கினேன். அடிப்பகுதி கறுத்து, கனிந்த வாழைப்பழம் போல விரலுக்குள் போனது. நாற்றம் வேறு.

எதிர் வீட்டில் மெகருன்னிசா டீச்சர் இருக்கிறார். மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவர். ஐந்து வருடமாக எதிரெதிர் கதவு. லிஃப்டில் தலையசைப்பதோடு சரி. கோப்பையை எடுத்துக்கொண்டு போய் மணியடித்தேன்.

"அழுகிப் போச்சு சார்" என்றார் பார்த்தவுடன். "எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்துனீங்க?"

"காலையில் ஒரு தரம். சாயந்தரம் ஒரு தரம்."

"வாரத்துக்கா?"

நான் கோப்பையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சார், நீங்க தண்ணி சப்ளையிலதானே வேலை பார்த்தீங்க?"

"ஆமாம். அங்கே பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை விடுவோம்."

"அந்தக் கணக்கு இந்தச் செடிக்குச் சரியா இருந்திருக்குமே சார்" என்றார் டீச்சர். "ஊருக்குப் போட வேண்டியத இதுக்குப் போட்டுட்டீங்க, இதுக்குப் போட வேண்டியத ஊருக்குப் போட்டுட்டீங்க."

ஆசிரியர்களுக்கு வாய் அதிகம். ஆனால் வேலை தெரிந்தவர். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகலை வட்டம் வட்டமாகச் சீவிக்கொண்டே போனார். ஒவ்வொரு வட்டத்திலும் நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி. புள்ளி இல்லாத பச்சைச் சதை வந்ததும் நிறுத்தினார். மிஞ்சியது எலுமிச்சம்பழம் அளவுக்குத் தலை மட்டும்.

"பொழைக்குமா?"

"பொழைக்கலாம். ஒரு வாரம் நிழல்ல சும்மா காயட்டும். வெட்டுன வாய்ல தோல் கட்டோணும். அப்புறம் மணல்ல உக்கார வெக்கலாம். வேர் விட ஒரு மாசமாவது ஆகும். அது வரைக்கும் நீங்க..."

"என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக்கூடாது சார்."

இரண்டு வாரத்தில் இரண்டு பெண்கள் இதையே சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 19

தலை, செய்தித்தாள்மேல் இருக்கிறது. மாற்றம் இல்லை. பதினொரு முறை பார்த்தேன்.

ஜூன் 20

சம்பூரணம் செடியை வீடியோவில் காட்டச் சொன்னாள். கேமரா பழுது என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், வீடியோவில்.

ஜூன் 22, சனி

இன்று ஒரு நடைமுறைத் தீர்வு கண்டேன். நர்சரிக்குப் போய் அதே மாதிரி உருண்டையான கள்ளி ஒன்று வாங்கினேன். உச்சியில் ரோஸ் நிறத்தில் பூ வேறு பூத்திருந்தது. அதைக் கைப்பிடி இல்லாத கோப்பையில் மாற்றி வைத்து, போட்டோ எடுத்து, "பூத்துவிட்டது!" என்று அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"ஏனுங்க, அது என்ற செடி இல்லீங்க."

"அதேதான் சம்பூரணம். பூத்ததுனால உனக்கு வேற மாதிரித் தெரியுது."

"என்றதுல முள்ளு மஞ்சளா இருக்கும். நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். பன்னெண்டு வருசமா அந்தச் சன்னல்ல இருக்குது. ஒரு நாளாச்சும் பாத்திருக்கீங்களா?"

"அது எங்கே வாங்குனது?" என்று கேட்டேன். பேச்சை மாற்றத்தான்.

"வாங்குல. என்ற கடைய மூடுன அன்னிக்கு, பக்கத்துல ஃபேன்சி ஸ்டோர் வெச்சிருந்த ஜோதிமணி கையில குடுத்துட்டு அழுதா. நான் அழுகுல" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

கடை என்று அவள் சொல்வது 2012-ல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பத்துக்குப் பத்து அறையில் ரவிக்கை தைத்துக் கொடுத்ததை. எட்டு மாதம் நடத்தினாள். மேற்பார்வையாளர் மனைவி ஊராருக்கு அளவெடுத்தால் ஆபீஸில் என்ன பேசுவார்கள் என்று நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவளும் புரிந்துகொண்டு அவளாகவே மூடினாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அது வேறு விஷயம்.

மாலையில் டீச்சர் வந்து புதுச் செடியைப் பார்த்தார். போட்டோ அனுப்பியதைச் சொன்னேன். பூவை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். வந்துவிட்டது. காய்ந்த பூவைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். "இது நர்சரிகள்ல வழக்கம்தான் சார். ஆனா இத நம்பி இன்னொருத்தர ஏமாத்தப் பாத்த ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

ஜூன் 25

தோல் கட்டிவிட்டது. ஆற்று மணலும் செங்கல் பொடியும் கலந்து சின்ன மண்தொட்டியில் டீச்சர் தலையை உட்கார வைத்தார். ஊன்றவில்லை, சும்மா மேலே வைத்திருக்கிறது. அடுத்த பத்து நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது.

சம்பூரணம் மூன்று நாளாக என் போனை எடுக்கவில்லை. ஓசூரில் சிக்னல் சரியில்லை.

ஜூன் 26

வேர் வந்திருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தேன். இல்லை.

ஜூன் 27

தூக்கிப் பார்த்தேன். இல்லை. காலையில் பார்த்தபோதும் இல்லை.

ஜூன் 28, வெள்ளி

சிந்துஜா கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு நாளைக்கு ஆறு தடவ அம்மாவுக்கு அடிக்கறீங்க. மெஷின்ல கை இருக்கறப்ப போன் அடிச்சா ஊசி விரல்ல ஏறிடும்ப்பா. கொஞ்சம் விடுங்க."

"வீட்டுக்குத் திரைச்சீலை தைக்க இவ்வளவு நாளா?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நான் வீடே மாத்தலப்பா. அம்மா இங்க ஒரு கடை எடுத்திருக்காங்க. பத்தாம் தேதியிலிருந்து நடக்குது. உங்ககிட்ட நேர்ல சொல்ல அவங்களுக்கு..." என்று இழுத்தாள்.

"பயமா?"

"பயம் இல்ல. அலுப்பு" என்றாள் என் மகள்.

எனக்கு இது ஓரளவு முன்பே தெரியும். தையல் மெஷினைப் பார்த்தபோதே ஊகித்திருந்தேன். இங்கே எழுதவில்லை, அவ்வளவுதான்.

மதியம் சாப்பிடவில்லை. பசி இல்லை.

ஜூன் 29

செடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டீச்சர் வந்துவிட்டார். கதவு திறந்திருந்தது. நான் அதைத் திருப்பிப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனாவது தடவ சார்?"

உண்மையைச் சொன்னேன். ஒன்பது.

அவர் செடியை வாங்கி வெளிச்சத்தில் காட்டினார். அடியில் மயிரிழை போல வெள்ளையாக ஒன்று ஒடிந்து தொங்கியது. "இதுதான் வேரு. நான் நெனச்சதுக்கு முந்தியே வந்திருக்கு, நேத்தோ முந்தா நேத்தோ. நீங்க பிடுங்கிட்டீங்க" என்றார். கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் தேவலை.

"இனி என்ன?"

"மறுபடி வரும். அதுக்கு இஷ்டம் இருந்தா."

ஜூன் 30, ஞாயிறு

சம்பூரணத்துக்குப் போன் செய்தேன். ஞாயிறு, கடை விடுமுறையாக இருக்கும் என்று கணக்குப் போட்டு. எடுத்தாள்.

என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் ஆறு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அவள் குரல் கேட்டதும் தாள் எங்கே என்று தெரியவில்லை.

"உன்ற செடி செத்துப் போச்சு சம்பூரணம். நான்தான் கொன்னேன். தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துனேன். நீ வேண்டாம்னு சொல்லியும் ஊத்துனேன். தலை மட்டும் மிச்சம் இருக்குது. அதுல ஒரு வேர் வந்துது, அதையும் எடுத்து எடுத்துப் பாத்து ஒடிச்சுட்டேன். போட்டோவுல இருந்தது வேற செடி. பூவும் பொய்."

லைன் போய்விட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. திரும்ப வைத்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். நடுவில் இருமினாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"முப்பத்தொரு வருசத்துல உங்க தப்ப நீங்களே சொல்லி இன்னிக்குத்தானுங்க கேக்கறேன்" என்றாள்.

"கடைக்கு என்ன பேர் வெச்சிருக்கே?"

"இன்னும் வெக்கல. பலகை எழுதக் குடுக்கோணும்."

யோசனை சொல்ல எனக்கு மூன்று பெயர்கள் உடனே தோன்றின. சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 3

செடியைத் தொடவில்லை. போனும் செய்யவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, வேலை இருந்தது. சட்டைக் காலர் துவைப்பது பற்றி டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னதில் பாதி வாஷிங் மெஷின் மூடியிலேயே எழுதியிருக்கிறது. ஐந்து மாதமாக அதன் மேல்தான் செய்தித்தாள் அடுக்கி வைத்திருந்தேன்.

ஜூலை 6

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. தவிர, அதன்படி 7.15-க்குக் குக்கர் வைத்து 7.40-க்குச் சாம்பார் இறக்க மனிதப் பிறவியால் முடியாது. பருப்பே வேகவில்லை.

ஜூலை 9

நான் கூப்பிடவில்லை. அவளே கூப்பிட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"புளிக்குழம்பு."

"டீச்சரு குடுத்தாங்களா?"

"நான் வெச்சேன்."

"உப்பு?"

"இல்ல. மறந்துட்டேன். தயிர்ல போட்டுச் சரி பண்ணிட்டேன்."

நாலு நிமிடம் பேசினோம். செடியைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடையில் ஒரு அம்மாவுக்கு ரவிக்கையின் வலது கை பிசகி, பிரித்துத் தைத்துக் கொடுத்தாளாம். அந்த அம்மா அடுத்த நாளே நாலு பேரைக் கூட்டிவந்தாளாம். முழுக் கதையையும் கேட்டேன். குறுக்கே பேசவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

டீச்சர் அனுமதியோடு, தொட்டி ஓரமாக நாலு ஸ்பூன் தண்ணீர். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். ஊருக்கே வால்வு திறந்தவன் நான்.

ஜூலை 21

இன்று டீச்சர் செடியை இரண்டு பக்கமும் பிடித்து, பல் ஆடுகிறதா என்று பார்ப்பது போல லேசாக அசைத்தார். அது அசையவில்லை. மணலோடு பிடித்துக்கொண்டு நின்றது.

"வேர் விட்டிருச்சு சார்."

நான் சரி என்று தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினேன். வெயில் அதிகம் இன்று.

உச்சியில் புதிதாக மூன்று முள். மஞ்சள் நிறம். நுனி வளைந்திருக்கிறது. சம்பூரணம் சொன்னது சரி.

ஜூலை 28, ஞாயிறு

"ஒரு நாலு நாள் அங்கே வந்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க, என்னையக் கேட்டுட்டா வருவீங்க?"

"கேட்டுட்டு வரலாம்னு."

யோசித்தாள். அவள் யோசித்த நேரத்தை எண்ணியிருந்தால் இங்கே எழுதலாம். எண்ணவில்லை.

"வாங்க. ஆனா ஆவணி முகூர்த்தத்துக்குத் துணி குவிஞ்சு கெடக்குது. உங்களுக்குப் பக்கத்துல உக்காந்து பரிமாற நேரம் இருக்காது. வந்து அதைச் செய், இதைச் செய்னு நிர்வாகம் பண்றதா இருந்தா வேண்டாமுங்க. எனக்கு இது வேணும். இத விட்டுட்டு நான் வரமாட்டேன்."

"வரச் சொல்லல."

"ரெண்டாவது தடவ மூட மாட்டேன்னு சொல்றேன்."

"புரியுது" என்றேன். புரிந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பஸ்ஸில் ஐந்தரை மணி நேரம் தொட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். தர்மபுரி தாண்டி ஒரு பிரேக். முள் உள்ளங்கையில் ஏறியது. பக்கத்து சீட்டுக்காரர் "கீழ வைங்களேன், இதுக்குப் போயி" என்றார். கீழே வைத்தால் கால் பட்டுவிடும் என்றேன். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். என் மனைவியின் கடைக்கு என்றேன். என்ன கடை என்று அவர் கேட்காவிட்டாலும் சொன்னேன்.

சம்பூரணம் வாசலில் நின்று தொட்டியை வாங்கினாள். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "எளச்சுப் போச்சு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும்தான்" என்றாள். உள்ளே கொண்டுபோய் நூல்கண்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஞாயிறும் கடை உண்டு. என் கணக்குத் தப்பு.

சும்மா உட்கார்ந்திருந்தேன். எட்டிப் பார்த்ததில், நூல் அடுக்கியிருக்கிற முறையில் எனக்கு இரண்டு ஆட்சேபணைகள் இருந்தன. வாயைத் திறப்பதற்குள் சம்பூரணம் ஒரு ரவிக்கையையும் ஊசியையும் என் கையில் கொடுத்து, கொக்கி வைப்பது எப்படி என்று காட்டினாள். ஆறு கொக்கி, ஆறு வளையம். இதில் என்ன இருக்கிறது என்று தைத்தேன். மாலை வரை ஆனது.

அந்த ரவிக்கைக்காரப் பெண் வந்தாள். கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"அக்கா, யாரு இதுக்குக் கொக்கி வெச்சது? மேல ஒண்ணு கீழ ஒண்ணா கோணலா நிக்குது பாருங்க."

சம்பூரணம் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "புதுசா சேந்திருக்கறாருங்க. இன்னும் கை படியல. பிரிச்சு வெச்சுத் தரச் சொல்றேன்."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த வயசுலயா?"

"கத்துக்குவாருங்க" என்றாள் சம்பூரணம்.

முப்பத்து நான்கு வருடப் பணிக்காலத்தில் என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம்கூட வந்ததில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் சம்பூரணம் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்து, என் ஊசியில் கோத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

ஆறையும் பிரித்தேன். மறுபடி வைத்ததில் நாலு நேராக வந்திருக்கிறது. மீதி இரண்டு நாளைக்கு.